ஒன்பதாவது கோளும் ஒரு மதிப்பெண்ணும்

தேர்வு விடைக்குறிப்பை எதிர்த்து வழக்காடுவது வக்கீலுக்குப் பெயர் வாங்கித் தருகிற வேலை அல்ல. 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி வாசலிலேயே மறித்துக்கொண்டு நிற்கும்: விடைக்குறிப்பைச் சரியென்றே கொள்ள வேண்டும், தவறு என்பவர் அதை ஐயமற நிறுவ வேண்டும், அனுமானத்தை வைத்து அதைத் தவறாக்க முடியாது. என்னிடம் வந்த அப்படியொரு வழக்கில் தகராறு ஒரு கோளைப் பற்றியது.

மனுதாரர், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்த்தவரின் மகள். 2007-இல் ஓர் அரசுப் பணித் தேர்வு எழுதினார். சூரியக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை என்ற கேள்விக்கு எட்டு என்று குறித்தார். விடைக்குறிப்பு ஒன்பது என்றது. கட்-ஆஃபுக்கு அந்த ஒரு மதிப்பெண்தான் குறைவு. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் சங்கம் வாக்கெடுத்துப் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலுக்கு இறக்கியிருந்தது. தினம் நூலகத்தில் பத்திரிகை படிக்கிற பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. வினாத்தாள் தயாரித்தவர் பழைய பாடநூலைப் பார்த்திருப்பார் போலும்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். தடை கிடைக்கவில்லை. ‘நியமனங்கள் இம்மனுவின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை’ என்று ஒரு வரி கிடைத்தது. கட்சிக்காரர்கள் இதைப் பாதி வெற்றி என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் மற்றவர்களுக்கு வேலையையும் நமக்குக் காத்திருப்பையும் தருகிற வரி அது. மனு இறுதி விசாரணைக்கு வந்தபோது ஆண்டு 2016. அந்தப் பெண் அதற்குள் ஃப்யூஸ் கேரியர் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்.

இந்தத் தாமதம் வழக்குக்குள் ஒரு புதுச் சங்கதியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கால்டெக்கைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் பாட்டிகினும் மைக் பிரவுனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெப்டியூனுக்கு வெகு அப்பால் சுற்றும் சில சிறு பொருட்களின் பாதைகள் ஒரே பக்கம் ஒதுங்கிக் கிடக்கின்றன. பூமியைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள, இதுவரை கண்ணில் படாத ஒரு கோள், பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவந்து அவற்றை அப்படி ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஏரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்துப் புளூட்டோவின் பதவிக்கு உலை வைத்தவரும் இதே பிரவுன்தான் என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் ரசித்துச் சொன்னார். யுரேனஸின் பாதைப் பிசகைக் கொண்டு வானியலாளர் லெ வெரியே தாளில் குறித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள் 1846-இல் நெப்டியூன் அகப்பட்டதையும் சேர்த்துக்கொண்டார். ஒன்பதாவது உண்டா என்று அறிவியலே தேடிக்கொண்டிருக்கையில் ஒன்பதைத் தவறென்று யார் சொல்வது? நல்ல வாதம்தான். நீதிபதி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

நான் கான்பூர் விதியை எதிர்த்தரப்பின் பக்கமே திருப்பினேன். அனுமானத்தால் விடைக்குறிப்பைத் தவறாக்கக் கூடாதென்றால், அனுமானத்தால் அதைக் காப்பாற்றவும் கூடாது. அதே லெ வெரியே, புதனின் பாதைப் பிசகுக்கும் ஒரு கோளைக் காரணம் காட்டினார். வல்கன் என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். கோள் கிடைக்கவில்லை, 1915-இல் ஐன்ஸ்டைன் அந்தப் பிசகுக்கு வேறு விளக்கம் தந்தார். அவ்வளவு தூரம் போவானேன், ஜவ்வாது மலையில் நம் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தபோது, ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் மங்கியதைப் பதிவு செய்து, புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். மறைத்தது யுரேனஸின் வளையம். பதிவில் பிழையில்லை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்கவில்லை. தவிர, நாளைக்கே புதுக் கோள் அகப்பட்டாலும் விடைக்குறிப்பு ஒன்பதாவதாக எண்ணியது புளூட்டோவை. அடையாள அணிவகுப்பில் ஆளை மாற்றி நிறுத்தினால் எந்த நீதிமன்றமும் ஏற்காது.

எனக்குச் சிரமம் கொடுத்தது வானம் அல்ல, பாடநூல். கான்பூர் வழக்கில் பாடநூல்தான் மாணவர்களைக் காப்பாற்றியது. விடைக்குறிப்பு அதற்கு முரணாக இருந்தது. இங்கே பாடநூல் விடைக்குறிப்போடு நின்றது. கையிலிருந்த ஒரே புத்தகத்தை நம்பி ஒன்பது எழுதிய கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நியாயம் உண்டல்லவா? அதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததைப் பிடுங்க வேண்டாம், சரியாக எழுதியவருக்கும் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

மதிப்பெண் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஒன்பது ஆண்டு பணியாற்றியவர்களைக் கலைப்பதற்கில்லை என்று கூறிய தீர்ப்பு, அடுத்த காலியிடத்துக்கு மனுதாரரைப் ‘பரிசீலிக்க’ உத்தரவிட்டது. ‘வழங்க’ என்ற சொல்லும் ‘பரிசீலிக்க’ என்ற சொல்லும் சாமானியர் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். துறை பரிசீலித்தது: பழைய அறிவிக்கையில் இடமில்லை, புதியதற்கு வயது கடந்துவிட்டது என்று கடிதம் வந்தது. உத்தரவுப்படி பரிசீலித்துவிட்டதால் நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கும் வழியில்லை. அந்தக் கடிதத்தை எதிர்த்து இன்னொரு ரிட் போடலாம், போட்டால் ஜெயிக்க வாய்ப்புண்டு என்றேன்.

“இது முடிய எத்தனை வருஷம் சார் ஆகும்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்.