ஏன் பொய் சொல்ல வைக்கிறோம்?

பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் எட்டாவது. மறைக்கல்வி வகுப்பில் இதை மனப்பாடம் செய்யாத கத்தோலிக்கப் பிள்ளை எங்கள் மன்னாரில் இருக்காது. சிறுவயதில் அதன் பொருள் எனக்கு மிக இலகுவாக இருந்தது. நான் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். சமூகப் பணியாளராகக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கிய பின்னர்தான் அந்தக் கட்டளைக்கு இன்னொரு பக்கமும் இருப்பது தெரிந்தது. என் முன்னால் இருக்கும் பெண் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளாமல் இருப்பதும் என் கடமை.

2009 இல் மெனிக்பாம் முகாமில் பதிவுக்காக வரிசையில் நின்றபோது எனக்கு 19 வயது. எதைச் சொன்னால் நல்லது, எதைச் சொன்னால் ஆபத்து என்று பெண்கள் அந்த வரிசையிலேயே காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அங்கே நின்றவர்கள் எல்லாரும் நல்ல குடும்பங்களில் வளர்ந்தவர்கள்தான். கோயில், பூசை என்று வாழ்ந்தவர்கள்தான். ஆனால் உண்மை சொல்வதற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் நல்லவர்களும் பொய் சொல்வார்கள். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்கான விளக்கங்கள் பலவற்றைப் படித்தேன். எனக்கு முதல் பாடம் அந்த வரிசைதான்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் படிவத்தின் மறுபக்கத்தில் இருந்தவர்கள். ஆகவே இதை உங்களுக்கு உபதேசமாக எழுதவில்லை. கிறிஸ்தவள் என்று சொல்லிக்கொண்டு பேனையும் படிவமுமாக உங்கள் முற்றத்துக்கு வருகிற என்னைப் போன்றவர்களையும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் எங்கள் எல்லாரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கட்டிலுக்குக் கீழே கோழி

2022 இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது உலர் உணவுப் பொதிக்காகக் குடும்பங்களைப் பதிந்துகொண்டு திரிந்தோம். மூன்று பிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் ஒரு தாயிடம், "ஆடு, மாடு, கோழி ஏதும் இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை மிஸ்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கட்டிலுக்குக் கீழே கடகத்தால் மூடி வைத்திருந்த கோழி கொக்கரித்தது. கடைசி மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அது பக்கத்து வீட்டுக் கோழி மிஸ்" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆறுதலாக இருந்து கதைத்தபோது காரணம் விளங்கியது. சில வருடங்களுக்கு முன்னர் வேறொரு உதவித் திட்டத்தில், ஐந்து கோழி வைத்திருந்த அயல் வீட்டுப் பெண்ணின் பெயரை 'வருமானம் உள்ளவர்' என்று வெட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த ஒழுங்கையில் யாராவது படிவத்தோடு வந்தால் கோழிகள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

"நாங்கள் கோழிக்காக ஒருதரையும் வெட்டுறேல்லை அக்கா. எத்தனை பிள்ளைகள், உழைக்கிற ஆள் இருக்கா, வருத்தக்காரர் இருக்கினமா எண்டுதான் பார்க்கிறது" என்று சொல்லிப் படிவத்தையே அவர் கையில் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். பிறகு போய்க் கடகத்தைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பொய்யில் பெரும் பங்கு உண்மைக்குத் தண்டனை கொடுத்த அந்தப் பழைய படிவத்துக்கு உரியது. மறுநாள் தொடக்கம், ஒரு பெயரையும் எழுதுவதற்கு முன்னர் என்னென்ன பார்க்கப்படும் என்பதை ஊர்ப் பெண்கள் எல்லாரையும் கூட்டி உரத்து வாசித்தோம். பட்டியலைப் பொது மண்டபச் சுவரில் ஒட்டி, ஆட்சேபனை சொல்ல ஒரு கிழமை கொடுத்தோம். இது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கென வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில், ஒரு புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுக்கப்பட்டது. பயனாளிகளைப் புள்ளி போட்டுத் தெரிவு செய்தார்கள். தனக்கு எத்தனை புள்ளி, ஏன் அத்தனை என்று இன்றும் தெரியாமல் கேட்கும் பெண்களைச் சந்திக்கிறேன். விதி என்னவென்று தெரியாதபோது, கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைத்தான் மக்கள் தேடுவார்கள்.

சில கேள்விகள் கேட்கும் விதத்திலேயே காயப்படுத்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணிடம், "எவ்வளவு காலமாகத் தொடர்ந்து இங்கே இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் வெளியாள் ஆகிவிடுவார். அந்தக் கேள்வியை நாங்கள் எங்கள் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

இன்னுமொன்று. எங்கள் அன்பியத்தில் உள்ள ஒருவர், தன் தங்கையின் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். "நீ எங்கட கோயில் பிள்ளைதானே" என்றார். "நாளைக்கு எல்லாரோடையும் வந்து பதியச் சொல்லுங்கோ அன்ரி. உள்ளதை உள்ளபடி எழுதுவன்" என்றேன். தங்கை வந்தார், பதிந்தார். அவரைவிடக் கஷ்டப்பட்ட குடும்பங்கள் இருந்தபடியால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் பின்னர் இரண்டு மாதம், பூசையில் சமாதானம் பகிரும் நேரத்தில் அன்ரி என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அது வலித்தது. அம்மாவும், "ஒரு பெயர்தானே பிள்ளை" என்று முணுமுணுத்தா. ஆனால் அந்த ஒரு பெயர் உள்ளே வந்தால், கடகத்தைத் தூக்கிவிட்ட அந்தத் தாயைப் போன்ற ஒருவரின் பெயர்தான் வெளியே போகும்.

பொதியும் செபமும்

இந்து விதவைப் பெண் ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போறன். ஞாயிற்றுக்கிழமை அவையின்ர செபக் கூட்டத்துக்குப் போறன். ரெண்டு இடத்திலையும் அழுதுபோட்டு வாறன் மிஸ். அங்கை மனசுக்கு, இங்கை அரிசிக்கு."

செபம் முடிந்த பிறகுதான் அந்தக் குழுவினர் பொதி கொடுப்பார்கள். வரச் சொல்லி ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். பசித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது வேறு கட்டாயம் எதற்கு?

உதவிப் பணிக்கு இதில் தெளிவான விதி இருக்கிறது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் அரசசார்பற்ற நிறுவனங்களும் 1994 இல் உருவாக்கிய நடத்தைக் கோவை, இனம் மதம் பாராமல் தேவையைப் பார்த்தே உதவ வேண்டும் என்கிறது. ஒரு சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்க உதவியைப் பயன்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இதைச் சொல்லித்தர 1994 வரை காத்திருக்கத் தேவையில்லை. நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனிடம் அந்தச் சமாரியன் எதையும் கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவுக்குக் காசு கொடுத்தான், குறைந்தால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். காயப்பட்டவன் பிறகு எந்த மலையில் வழிபட்டான் என்பதைப் பற்றி அந்த உவமையில் ஒரு வார்த்தையும் இல்லை.

என் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வேன். பொதி கொடுக்கிற நேரத்தில் சொல்லமாட்டேன். அரிசிக்காக ஒரு பெண் கண்ணை மூடி ஆமென் சொல்லுவாராக இருந்தால், கடவுளின் சந்நிதியில் அவரைப் பொய் சொல்ல வைத்தது நாங்கள்தான்.

"காலைப் பூசைக்குப் போறன்"

கரையோரக் கிராமம் ஒன்றில் ஓர் இளம் விதவை, விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அயலவர்களிடம் இப்படித்தான் சொல்லுவார். உண்மையில் அவர் போவது கடற்கரைக்கு, வலையிலிருந்து நண்டு கழற்றும் கூலி வேலைக்கு. விரலெல்லாம் நண்டு கிழித்த காயம். காயத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியவந்தது.

"வேலைக்குப் போறது வெட்கமே?" என்று கேட்டேன். "வேலை வெட்கமில்லை மிஸ். புருசன் இல்லாதவள் இருட்டோட எங்க போறாள் எண்டு கதைப்பினம். பூசைக்கு எண்டா ஒருதரும் கேளாயினம்" என்றார்.

அப்படிக் கதைப்பவர்கள் யார்? கோயிலில் முன் வாங்கில் இருப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். உழைத்துச் சாப்பிடும் பெண்ணைப் பூசையின் பெயரால் பொய் சொல்ல வைத்தது எங்கள் நாக்கு. அந்த ஊர் மாதர் சங்கத்தில், பெயர் குறிப்பிடாமல், விதவைகள் வேலைக்குப் போவது பற்றி ஒருநாள் கலந்துரையாடினோம். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பெண்கள் அதே வேலைக்கு வந்தார்கள். இப்போது மூன்று பேரும் சேர்ந்து, நண்டு கழற்றப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். கதை முற்றாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது.

நவம்பர் மாதப் பெயர்கள்

நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். சேமக்காலையைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்துவோம். இறந்தவர்களின் பெயர்களைக் கடித உறையில் எழுதிக் கோயிலில் கொடுப்போம்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கணவரை இராணுவத்திடம் கையளித்தவர். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. "பெயரைக் குடு பிள்ளை, ஆத்துமா சாந்தியடையட்டும்" என்று கோயில் பெண்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அவர்களுக்காக ஆறு வருடம் எழுதிக் கொடுத்தார். "ஒவ்வொரு நவம்பரும் என்ர கையாலயே அவரைச் சாகடிக்கிற மாதிரி இருக்கு. பூசை முடிஞ்சு வந்தா அண்டைக்குச் சோறு இறங்காது" என்று என்னிடம் அழுதார்.

2010 இல் வந்த சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய வேதனை. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு இடம் கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுத அரசாங்கப் பதிவேட்டிலேயே இடம் வந்த பிறகு, எங்கள் செபத்தில் அதற்கு இடமில்லையா?

அக்காவைப் பங்குத் தந்தையிடம் கூட்டிப்போனேன். அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டது ஆண்டவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நாங்கள் ஏன் செபிப்பான்?" என்றார். அந்த ஞாயிறு, காணாமற்போன அந்த மனிதருக்காகவும் அவரைத் தேடும் குடும்பத்துக்காகவும் என்று சொல்லியே பூசை ஒப்புக்கொடுத்தார். அடுத்த கிழமை அதே கருத்துக்காக மேலும் நான்கு உறைகள் வந்தன. இத்தனை வருடமும் அந்த நான்கு வீடுகளும் வாய் திறக்காமல் இருந்திருக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. அதே ஊரில் ஒரு தாய், காணி அலுவலுக்காக மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தார். மகன் இனி வரமாட்டான் என்று அவர் மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. "பெத்த பிள்ளையை விட்டுக்குடுத்திட்டா" என்று சிலர் கதைத்தார்கள். அவரும் எங்களுக்காக இல்லாத நம்பிக்கையை நடிக்க வேண்டியதில்லை. நவம்பரில் மெழுகுதிரி கொளுத்தி அழ அவருக்கு உரிமை இருக்கிறது.

பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் மரியாள் மூன்று நாள் தேடிய கதையைச் செபமாலையில் தியானிக்கிறோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். செபமாலை உருட்டும் கை அந்தத் தாய்மாரின் கையையும் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத்திலோ அன்பியத்திலோ அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் எந்தப் பெண் எங்களுக்குப் பயந்து எதை மறைக்கிறார்? கடன் எடுத்ததையா, வேலைக்குப் போவதையா, மறுமணம் செய்ய விரும்புவதையா, பிள்ளை பள்ளிக்கூடம் போகாததையா? அவர் அதைச் சொன்னால் நாங்கள் என்ன செய்வோம் என்று அவர் நினைக்கிறார்? பதிலுக்காக ஒருவரையும் நெருக்க வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம். உதவி தருகிறோம் என்று வருகிறவர்களிடமும் கேளுங்கள்: "எதைப் பார்த்துத் தெரிவு செய்யிறீங்கள்? எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ." அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னிடமும் கேளுங்கள்.