திருமணிமுத்தாறு வழிவிடும் வரை

சேலம் நகருக்கு வடக்கே அரண்போல் நிற்கும் சேர்வராயன் மலையில் தோன்றி, நகரின் நடுவே புகுந்து, நாமக்கல் மாவட்டத்தின் வயல்வெளிகளைக் கடந்து, பரமத்தி வேலூரை அடுத்த நன்செய் இடையாறில் காவிரித் தாயோடு கலக்கிறது திருமணிமுத்தாறு. முத்து விளைந்த ஆறு என்று அதன் பெயருக்கு விளக்கம் கூறுவர் பெரியோர். இந்த ஆற்றின் கரையில் ஐந்து சிவாலயங்கள் மாலைபோல் அமைந்துள்ளன. சேலத்தில் சுகவனேஸ்வரர், உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர், பில்லூரில் வீரட்டீஸ்வரர், மாவுரெட்டியில் பீமேஸ்வரர், நன்செய் இடையாறில் திருவேலீஸ்வரர் என ஐந்து திருநாமங்களில் ஈசன் எழுந்தருளியிருக்கிறார். மகா சிவராத்திரியன்று இந்த ஐந்து தலங்களையும் ஒரே நாளில் தரிசிப்பது இப்பகுதி மக்கள் போற்றிவரும் வழக்கம்.

கிளி முகம் கொண்ட சுக முனிவர் வழிபட்டதால் சுகவனேஸ்வரர் எனப் பெயர் பெற்றார் சேலத்து இறைவன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. உத்தமசோழபுரத்துக் கரபுரநாதரோ, தம் முடியில் மலர்மாலை சூட்ட எட்டாமல் தவித்த சிறுவனுக்காகச் சற்றே சாய்ந்து கொடுத்தார் என்பது ஐதீகம். பாரி மகளிர்க்கு ஔவைப் பாட்டி திருமணம் செய்துவைத்த இடம் என்றும் அவ்வூரைக் கூறுவர். அங்கிருந்து ஆற்றோடு கீழே இறங்க இறங்க நகரின் ஓசை அடங்கி, தென்னந்தோப்பும் கரும்பு வயலும் சூழ்ந்த அமைதியான கிராமத்துக் கோயில்கள் வரவேற்கின்றன.

சிவராத்திரி மாசிக் குளிரில் வருவது. அப்போது ஆறு ஒடுங்கிக் கிடக்கும். கார்த்திகைச் சோமவாரம் அப்படியன்று. சங்காபிஷேகம் காண அன்பர்கள் புறப்படும் அந்த மாதம்தான் வடகிழக்குப் பருவமழையின் மாதமும் ஆகும். ஈசனைத் தேடிச் செல்லும் சாலையும், மலையிலிருந்து இறங்கிவரும் வெள்ளமும் ஒரே தடத்தில் சந்திக்கும் காலம் அது.

அந்தச் சோமவாரம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரையேறிய பிறகு அது விரைந்து கலைந்துவிடவில்லை. மெல்ல நகர்ந்து உள் மாவட்டங்களின்மேல் மழையைக் கொட்டியது. டிசம்பர் 2, திங்கட்கிழமை. கார்த்திகை மாதத்தின் மூன்றாம் சோமவாரம். அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஏற்காட்டில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலோ 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. சேலத்தில் திருமணிமுத்தாறு கரைபுரண்டது.

சேலத்திலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில் உள்ள ஊத்தங்கரையில் அன்று நிகழ்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டிச் சென்றது. அவை ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் அல்ல. ஓட்டுநரின் பிழையும் அங்கே இல்லை. நின்ற இடத்திலேயே தண்ணீர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான்கு சக்கரமும் இரும்புக் கூடும் வெள்ளத்துக்கு முன் எவ்வளவு இலேசானவை என்பதை அந்தக் காட்சி உணர்த்தியது.

வானம் வெளுத்தாலும் ஆறு வடியாது

சமவெளியில் வாழ்வோரை ஏமாற்றுவது ஒரே ஒரு செய்தி: "மழை விட்டுவிட்டது." சேர்வராயன் மலையின் ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேல் உயர்ந்தது, சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே உள்ளது. மலையில் பெய்த மழை அந்தச் சரிவில் உருண்டோடி நகரை அடையும். நகரைக் கடந்து, ஏரிகளை நிரப்பி, உபரியாக வழிந்து நாமக்கல் மாவட்டக் கிராமங்களைச் சேர இன்னும் பல மணி நேரம் ஆகும். ஆகவே, முதல் நாள் இரவு மலையில் பெய்த மழை, மறுநாள் நல்ல வெயிலில் ஒரு தரைப்பாலத்தின்மேல் ஓடக்கூடும். தலைக்கு மேல் நீல வானம். காலுக்குக் கீழே செந்நிற வெள்ளம். வழி தெரியாதவர் வானத்தைப் பார்த்து வண்டியை இறக்குவார். ஊர்க்காரர் ஆற்றைப் பார்ப்பார்.

சேலம் - நாமக்கல் தேசிய நெடுஞ்சாலையில் பாலங்கள் உயரமானவை. ஆனால் கோயில்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் இல்லை. கிராமச் சாலையில் திரும்பியதும் ஓடைகளையும் வாய்க்கால்களையும் தரைப்பாலங்கள் வழியே கடக்க நேரும். ரயில் பாதைக்கு அடியில் தோண்டிய சுரங்கப்பாதைகளும் வரும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும். சுரங்கப்பாதையில் நீர் தேங்கும். முன்னது இழுக்கும், பின்னது ஆழத்தை மறைக்கும். இரண்டிலும் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. சாயக்கழிவு கலந்த நாட்களில் மதியம்பட்டிப் பகுதியில் திருமணிமுத்தாற்றின்மேல் வெண்ணுரை மலைபோல் திரள்வதுண்டு. அந்த நுரைக்கு அடியில் எவ்வளவு நீர் என்று எவராலும் சொல்ல இயலாது.

ஒரு சாண் தண்ணீரின் பலம்

தண்ணீரின் பலத்தை ஓர் எளிய கணக்கில் அறியலாம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட தொட்டித் தண்ணீரின் எடை 1000 கிலோ. சிறிய கார் ஒன்றின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. அந்தக் காரின் அடித்தட்டின் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரம் நீர் ஏறினாலே, காரைத் தூக்குவதற்குப் போதிய விசை கீழிருந்து கிடைத்துவிடுகிறது. அதாவது, நின்று பார்ப்பவரின் முழங்காலைக்கூட எட்டாத வெள்ளம் காரை மிதக்கச் செய்யும். மிதக்கத் தொடங்கிய பின் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வேலை இல்லை. ஓடும் நீரில் ஆபத்து இன்னும் மிகுதி: நீரின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர், வாகனத்தை வெள்ளத்துக்குள் ஓட்டிச் சென்றவர்களே. அதனால் அந்நாட்டு வானிலைத் துறை, "திரும்பிவிடுங்கள், மூழ்கிவிடாதீர்கள்" என்பதையே வாசகமாகக் கொண்டு மக்களுக்கு ஓயாமல் எடுத்துரைக்கிறது.

இந்த அறிவு நாமக்கல் மண்ணுக்குப் புதிதன்று. இந்தியா முழுவதும் லாரிகளை ஓட்டும் ஊர் அது. அனுபவம் மிக்க லாரி ஓட்டுநர், நீர் ஓடும் பாலத்தைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டுவார். எதிர்க்கரையிலிருந்து தன்னைப்போன்ற வண்டி ஒன்று வந்து சேரும்வரை காத்திருப்பார். கரையில் நிற்கும் ஊர்க்காரரிடம் விசாரிப்பார். பதினாறு டன் சரக்கு ஏற்றியவரே காத்திருக்கும்போது, ஐந்து பேர் அமர்ந்த கார் அவரை முந்திச் செல்வதில் என்ன துணிச்சல் இருக்கிறது?

பின் இருக்கையின் சொல்

கோயிலுக்குச் செல்லும் காரில் ஓட்டுநர் இருக்கையில் மகனோ மருமகனோ பேரனோ இருப்பான். ஆனால் பயணத்தை நடத்துபவர்கள் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே. "அபிஷேகம் ஆரம்பித்துவிடும் கண்ணு, கொஞ்சம் வேகமாகப் போ" என்ற ஒரு சொல் போதும், தயங்கி நிற்கும் பிள்ளை தண்ணீரில் இறக்கிவிடுவான். "சாமியைப் பார்க்கப் போகிறோம், சாமி பார்த்துக்கொள்வார்" என்று தாய் சொன்னபின், பயமாக இருக்கிறது என்று சொல்ல எந்த மகனுக்கு மனம் வரும்?

அதே இருக்கையிலிருந்து, "வேண்டாம் தம்பி, திருப்பு" என்ற சொல்லும் வரலாம். அந்தச் சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறு எவர் சொல்லுக்கும் இல்லை. கைப்பேசி வரைபடம் குறுக்கு வழியைக் காட்டும். அந்த வழியில் இன்று தண்ணீர் ஓடுவதை அது அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆறு எப்படி மாறும் என்பது, அதன் கரையில் வளர்ந்தவருக்குத் தெரியும். ஆடிப்பெருக்கில் நம் முன்னோர் புதுவெள்ளத்துக்கு மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் இட்டு வணங்கியது கரையில் நின்றுதான். 2024 ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியை எட்டிப் பெருமளவு நீர் திறக்கப்பட்டபோது, ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் இறங்க வேண்டாம் என்று தடுத்தார்கள். மக்கள் கரையிலிருந்தே வழிபட்டார்கள். வழிபாடு குறைந்துவிடவில்லை. ஆற்றைத் தாயாக மதிப்பது என்பது, அவள் சீற்றத்தையும் மதிப்பதுதான்.

எலுமிச்சம்பழம் ஏற்றிப் பூஜை போட்ட வண்டியாயினும், நீர் ஓடும் பாலத்தில் அதை இறக்குவது பக்தியாகாது. சிறுவன் ஒருவனுக்காகத் தாமே சாய்ந்து கொடுத்த கரபுரநாதர், அடியார்கள் அடுத்த சோமவாரம் வந்தால் ஏற்க மாட்டாரா?

நனைந்த வண்டிக்குச் செய்ய வேண்டியவை

தவிர்க்க இயலாமல், ஓட்டமில்லாத ஆழமற்ற நீரைக் கடக்க நேர்ந்தால், அரைச் சக்கர உயரத்துக்குக் குறைவான நீரில் மட்டுமே, முதல் கியரில், ஒரே சீராக, நடுவே நிறுத்தாமல் செல்ல வேண்டும். முன்செல்லும் வண்டி கரையேறிய பிறகே இறங்க வேண்டும். கரை சேர்ந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கைப் பலமுறை இலேசாக அழுத்தினால் அதன் ஈரம் காயும்.

நீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. என்ஜின் காற்றை இழுக்கும் வழியே தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஒரு முறை சாவியைத் திருப்பியதில் உள்ளே இருக்கும் கம்பிகள் வளைந்து, என்ஜினையே மாற்ற நேரிடலாம். மின்சாரம் வேலை செய்யும்போதே கண்ணாடிகளை இறக்கி, பெல்ட்டை அவிழ்த்து, குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் வெளியேற்றி மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். வண்டி பிறகு.

நீர் வடிந்தபின், பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்தே செல்ல வேண்டும். பேட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றுவார்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், உள்ளே நீர் புகுந்திருந்தால் ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருக்கும். ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தாலும் அதே ஐயம் கொள்ள வேண்டும். கியர் ஆயில், பிரேக், சக்கர பேரிங், விளக்குகள் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்கச் சொல்ல வேண்டும். கால் விரிப்பையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் எடுத்து வெயிலில் உலர்த்தாவிட்டால் துருவும் துர்நாற்றமும் பின்னால் வந்து சேரும். மின்சாரக் காராக இருந்தால், பயிற்சி பெற்றவர் வரும்வரை எவரும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடும் வேண்டும். அது இருந்தாலும், நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் கெட்ட என்ஜினுக்கு இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். அதற்கெனத் தனியே என்ஜின் பாதுகாப்பு சேர்த்திருந்தால் வழி உண்டு. மழைக்காலத்துக்கு முன் பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படிப்பது நலம். சேதம் நேர்ந்தால் நீர் நின்ற உயரம் தெரியப் படம் எடுத்து, பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சங்கமத்தில்

வெள்ளம் வடிந்த ஒரு காலைப்பொழுதில் நன்செய் இடையாறில் நின்று பார்த்தால், மலையிலிருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்த திருமணிமுத்தாறு, அகன்ற காவிரியில் சத்தமின்றிச் சேர்வது தெரியும். கோயிலுக்குள் திருவேலீஸ்வரர் என்றும்போல் வீற்றிருக்கிறார். மூன்றாம் சோமவாரம் வர இயலாமல் போனவர்களுக்கும் தீபம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆறு வழிவிடும்வரை கரையில் காத்திருந்து, குடும்பம் முழுவதும் குறைவின்றி வந்து நின்று கைகூப்பும் அந்தத் தரிசனமே நிறைவான தரிசனம்.

யாத்திரை வழி: சுகவனேஸ்வரர் ஆலயம் சேலம் நகரின் நடுவிலும், உத்தமசோழபுரம் நகரை அடுத்தும் உள்ளன. அங்கிருந்து நாமக்கல் வழியாகப் பரமத்திப் பகுதியை அடைந்து பில்லூர், மாவுரெட்டி ஆலயங்களைத் தரிசித்து, பரமத்தி வேலூர் வழியே நன்செய் இடையாறு செல்லலாம். மழைக்காலத்தில் புறப்படும் முன் ஆற்றின் நிலையைக் கோயில் உள்ள ஊரிலேயே விசாரித்துக்கொள்வது நன்று.