புரோத்ராபூரில் பின்னும் கைகள்

போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரை ஒட்டியுள்ள புரோத்ராபூரோ தன் பழம் பெயருடனேயே இருக்கிறது. ஏறத்தாழ 10,000 மக்கள் வாழும் இவ்வூருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. தென்னையும் கமுகும் சூழ்ந்த தகரக் கூரை வீடுகளும், வங்காளியரும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் நம்மவரும் கலந்து நிற்கும் பேருந்து நிறுத்தங்களுமே இங்குள்ள காட்சிகள். கடைத்தெருவில் பேச்சு இந்தியில் நடக்கும். வாசற்படி ஏறியதும் தமிழாகிவிடும்.

நாம் சென்றது மழைக்காலத்தில். இத்தீவுகளில் மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை முற்றும் ஓய்வதில்லை. இரு பருவக் காற்றுகளும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையைக் கொட்டுகின்றன. தகரத்தின் மேல் அது விழும் ஓசையில் உரக்கப் பேசினாலன்றிக் காதில் விழாது. ஆகவே மாலை வேளைகளில் பேச்சுக் குறைந்து, கைவேலை மிகுகிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் முதிய அம்மையார் ஒருவர் கம்பளி நூலில் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். நமக்கு வியப்பாக இருந்தது. ஆண்டு முழுவதும் வியர்வை ஒழுகும் ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? "யாருக்கம்மா இது?" என்று வினவினோம். "யாருக்காவது ஆகும், ஐயா. முதலில் மழை விடட்டும்" என்று கூறி அடுத்த கண்ணியை எடுத்தார்.

அவர் நகைச்சுவைக்காக அவ்வாறு கூறியதாகத் தோன்றவில்லை. இளம் வயதில் கணவருடன் கப்பலேறி வந்தவர் அவர். சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாட் கடற்பயணம். ஊர்க் கடிதமும் கப்பலோடுதான் வரும். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் இடைப்பட்ட நாட்களைக் கழிப்பதற்கென்றே பின்னக் கற்றுக்கொண்டாராம். "சீக்கிரம் முடித்தால் மறுபடி சும்மா உட்கார வேண்டுமே!" என்றார். பின்னிய சட்டையைப் பிரித்து, அதே நூலில் மறுபடியும் பின்னிய ஆண்டுகளும் உண்டு. தேவையில்லாத பொருளாதலால் அதை முடிக்கச் சொல்வாரும் இல்லை!

அடுத்த வீட்டில் நிலை வேறு. அங்கே வயர் கூடை விற்பனைக்குப் பின்னப்படுகிறது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று நம் தாய்நாட்டுப் பெண்கள் அறிந்த முடிச்சுகள் யாவும் அங்கே கண்டோம். அவ்வீட்டுப் பெண்மணி ஆர்டர் நாளைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார். தோளும் விரலும் வலிக்கின்றன. ஆனால் பிள்ளையின் பள்ளிச் செலவு அதில் நடக்கிறது. அவசரம் கூடாது என்று அவரிடம் போய் உபதேசிப்பவன் அறிவிலி. எனினும் அவரே ஞாயிறு மாலையில் தம் மகளுக்கென்று ஒரு சிறு கூடையை எடுத்து வைத்துக்கொள்கிறார். அது மூன்று மாதமாக முடியவில்லை. அதைக் காட்டும்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

கைவேலைக்கும் இத்தீவுக்கும் உள்ள பழைய உறவு இன்பமானதன்று. சிறை என்றால் 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டு, 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செல்லுலார் சிறையையே எவரும் நினைப்பர். இன்றைய மாவட்டச் சிறை புரோத்ராபூரில்தான் உள்ளது. செல்லுலார் சிறையில் செக்கிழுத்தவர்கள் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுத்தாக வேண்டும், குறைந்தால் தண்டனை. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்போருக்கும் அளவு உண்டு. சவுத் பாயின்ட்டில் இருந்த பெண்கள் சிறையிலோ, கைதிகளின் உடைக்கான துணியைப் பெண் கைதிகள் நெய்தனர். அவர்களுக்கும் நம் திண்ணை அம்மையாருக்கும் கையில் இருந்தது நூலே. அங்கே எண்ணியவன் காவலன். இங்கே கண்ணியை எண்ணுபவர் அவரே.

மேல்நாட்டார் இதனை ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். 2013இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், 31 நாடுகளைச் சேர்ந்த 3,545 பேர் பின்னல் வேலை பற்றித் தம் அனுபவத்தைக் கூறியுள்ளனர். அடிக்கடி பின்னுபவர்கள் தாம் அமைதியும் மகிழ்ச்சியும் அடைவதாகக் கூறுவது மிகுதி என அதிற் காணப்பட்டது. கேட்கப்பட்டவர்கள் யாவரும் பின்னுவதை விரும்புபவர்களே என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும், ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வருவதும், கண்ணும் கையும் ஒன்றில் நிற்பதும் மனத்தை அடக்குகின்றன என்பதைப் பூக்கட்டிப் பழகிய நம் பாட்டிமாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் சங்கத்து இல்லங்களில் தொடங்க விரும்புவோர்க்கு அந்த அம்மையார் கூறிய சில குறிப்புகளைத் தருகிறோம். இவ்வூர் ஈரத்தில் இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும். மூங்கில் ஊசியே நலம். கம்பளியில் பூசணம் பிடிக்கும். ஆகையால் புதிதாகக் கற்பவர்கள் பருத்தி நூலும் குரோஷா ஊசியும் கொண்டு தொடங்கலாம். நூல் உருண்டையை வெயில் அடிக்கும் நாளில் காய வைத்து, காய்ந்த வேப்பிலையுடன் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கண்ணி நழுவினால் அந்த வரிசை வரை பிரித்துவிடுக. மின்சாரம் நின்றால் ஊசியைக் கீழே வைக்க வேண்டாம்; இருட்டிலும் விரலுக்கு வழி தெரியும் என்கிறார். நமக்கு அது இன்னும் கைவரவில்லை.