நான்கு மணி நேரம்

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் கன்னடக்காரர்கள், வீட்டில் பெரியவர்கள் தடுமாற ஆரம்பித்தால் 'அரவத்தக்கே அரளு மரளு' என்பார்கள். அறுபதானால் புத்தி மயங்கும் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் இதையே 'அறளை பெயர்ந்துட்டுது' என்கிறார்கள். திருச்சூர்ப் பக்கம் 'சின்னன்', அதாவது குழந்தைத்தனம். எங்கள் மதுரையில் தனியாக ஒரு சொல்கூட நான் கேட்டதில்லை. "வயசாச்சுல்ல, அப்பிடித்தேன் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தச் சொற்களில் ஒரு கருணை இருக்கிறது. யாரையும் பைத்தியம் என்று ஒதுக்காமல், திண்ணையிலேயே உட்கார வைத்துச் சோறு போடுகிற கருணை. ஆனால் நோய் என்று பெயர் வைக்காத ஒன்றுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. உதவி கேட்பதில்லை. நன்கொடையும் கொடுப்பதில்லை. ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்றால் வாட்ஸப்பில் படம் வருகிறது, தொகை வருகிறது, இரண்டு மாதம் கழித்து அந்தக் குழந்தை சிரிக்கிற படமும் வருகிறது. டிமென்ஷியாவில் அந்த இரண்டாவது படம் கிடையாது. முதல் படத்திலும் ஒன்றும் தெரியாது. தலை வாரி, பூ வைத்து, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியின் போட்டோவுக்கு யார் காசு போடுவார்கள்?

2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

எங்கள் அப்பத்தா அதில் ஒருத்தி. பள்ளிக்கூடம் போகாதவள், கைநாட்டு. ஆனால் தெருவில் பதினெட்டுப் பொம்பளைகளைச் சேர்த்து இருபது வருஷம் சீட்டுப் பிடித்தவள். நோட்டு கிடையாது. யார் எந்த மாசம் தள்ளி எடுத்தது, கழிவு எவ்வளவு, யார் பாக்கி, எல்லாம் மண்டைக்குள். 2018 தீபாவளிக்கு முந்தின மாசம், பணம் கட்டிவிட்டுப் போன ஒருத்தியிடமே மறுநாள் போய்க் காசு கேட்டாள். தெருவே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்து அந்தக் கணக்கைப் பார்த்தவள் அவள்.

டாக்டரிடம் போனபோது ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார்கள். அப்பத்தா பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் என்ன பள்ளிக்கொடமா போனேன்?" என்றாள். நியாயமான கேள்வி. பத்து மணி பதினஞ்சு நிமிஷத்துக்கு முள்ளை வரையத் தெரியாததற்குக் காரணம் மூளையா, கல்வியா?

இந்தக் கேள்வியை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1998இல் தொடங்கிய அந்தக் குழுவின் பெயரே 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடத்தப்படும் டிமென்ஷியா ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அதுதான் 10/66. எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்துகிற சோதனை முறையை அவர்கள் உருவாக்கினார்கள். முதியவரிடம் மட்டும் கேட்காமல், கூட இருப்பவரிடமும் கேட்கிற முறை: முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை? சென்னையும் வேலூரும் அவர்களுடைய ஆய்வு மையங்களில் இரண்டு. அப்பத்தாவுக்குக் கடிகாரம் தேவையே இல்லை. அம்மாவிடம் சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும்.

அதனால் 'ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து என்ன ஆகப்போகிறது' என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். எங்கள் தொழிலில் சம்பாதித்த பணமே இதில் போயிருக்கிறது. இன்ஃபோசிஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை 225 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்து, பெங்களூர் ஐ.ஐ.எஸ்.ஸி.யில் மூளை ஆராய்ச்சி மையம் 2014இல் தொடங்கியது. கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரத்தில், 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்து மக்களைத் தொடர்ந்து பல வருஷம் கவனிக்கிற ஆய்வு அவர்களுடையது. மாம்பழ லாரிகளை வைத்து மட்டுமே நான் தெரிந்துவைத்திருந்த ஊர். அங்கே ஒருவருக்கு மறதி வருவதற்குப் பல வருஷம் முன்பே அவருடைய ரத்தத்திலும் நடையிலும் தூக்கத்திலும் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால், வெளிநாட்டுத் தரவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மருந்து? லெகனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலை அல்சைமரில், பதினெட்டு மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, திருப்பவில்லை, குறைத்தது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அங்கே வருஷத்துக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஒரு துறையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் அப்பத்தாவைப் போல பாதி வழி கடந்துவிட்டவர்களுக்கு இந்த வண்டியில் இடமில்லை.

எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் தனக்கு அல்சைமரின் ஓர் அரிய வகை இருப்பதாக 2007 டிசம்பரில் அறிவித்தார். மூன்றே மாதத்தில் பிரிட்டனின் அல்சைமர் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். உடனே அவருடைய வாசகர்கள் அதே அளவு தொகையைத் தாங்களும் திரட்டுவதாக இறங்கினார்கள். நான் அவருடைய டிஸ்க்வேர்ல்டு நாவல்களைப் படித்து வளர்ந்தவன். எங்கள் கம்பெனியிலும் 'மேட்சிங்' உண்டு. நாம் போடுகிற தொகைக்குச் சமமாக கம்பெனியும் போடும். அந்த வருஷம் போனஸ் வந்ததும் ஆராய்ச்சிக்கு ஒரு தொகை போடப்போவதாக அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "குடு தம்பி, நல்லதுதேன். அப்பிடியே ஒரு ஆள வந்து இங்க நாலு மணி நேரம் உக்காரச் சொல்லு" என்றாள்.

அப்போது அவள் ஒரு நாளை எப்படி ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்பா இல்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அப்பத்தா மஞ்சப்பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வீட்டுக்குப் போகணும்." "இதுதேன் அத்தை நம்ம வீடு." "நீ யாருத்தா? என்னை ஏன் புடிச்சு வச்சிருக்க?" இரவு ஒன்பது வரை இது நடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி. அம்மா தன் கால் பெருவிரலுக்கும் அப்பத்தாவின் கட்டிலுக்கும் இடையில் ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள், அசைந்தால் தெரிவதற்காக.

ஒரு தொண்டு அமைப்பின் உதவி எண்ணுக்கு நான்தான் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் பேசினார்கள். மருந்து ஒன்றும் சொல்லவில்லை. 'இதுதான் வீடு என்று வாதாடாதீங்க. அந்த வீட்டைப் பத்திக் கேளுங்க' என்றாராம் அந்தப் பெண். மறுநாள் அம்மா, "அங்க யாரு இருக்கா அத்தை?" என்று கேட்டிருக்கிறாள். அப்பத்தா தன் பிறந்த வீட்டுக் கிணற்றைப் பற்றியும் ஒரு செவலைக் காளையைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்து, பையைக் கீழே வைத்துவிட்டாள். எல்லா நாளும் இது பலிக்கவில்லை. வாரத்தில் நாலு நாள் பலித்தது.

இந்த மாதிரி உதவி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கோவாவில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு 2008இல் வெளியானது. 81 குடும்பங்கள். பிளஸ் டூ முடித்திருந்தாலே போதும் என்று உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். இது என்ன நோய், அடம் பிடித்தால் என்ன செய்வது, அரசு உதவித்தொகைக்கு எப்படி மனுப் போடுவது, இதே நிலையில் இருக்கிற இன்னொரு குடும்பத்தை எப்படிச் சந்திப்பது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் மனநல மருத்துவர். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாகத் தேறியிருந்தது. இதுவும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கா, குடும்பங்களுக்கா என்று பிரித்துக் கேட்பவர்களிடம் இதைத்தான் காட்டத் தோன்றுகிறது.

நான்கு மணி நேரத்துக்கு ஆள் கிடைத்தது. மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு, மாசம் ஒன்பதாயிரம். முதல் நாள் அம்மா தூங்குவாள் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு போன் போட்டபோது, "பஸ்ல திருமங்கலம் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வந்தேன்" என்றாள். அங்கே என்ன வேலை? "ஒரு வேலையும் இல்ல. ஃப்ரீ பஸ்தான? ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டே போனேன்."

அப்பத்தா 2023இல் போய்விட்டாள். நான் கொடுப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கொடுக்கிற இடத்தைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. எங்கள் கம்பெனியின் நன்கொடைத் தளத்தில் ஒவ்வொரு அமைப்புக்கும் நேராக, சம்பளத்துக்கும் நிர்வாகத்துக்கும் எத்தனை சதவீதம் போகிறது என்று போட்டிருக்கும். "எழுபது பர்சன்ட் சம்பளத்துக்கே போகுதுடா, வேஸ்ட்" என்று பக்கத்து சீட் நண்பன் ஒரு டிமென்ஷியா அமைப்பைத் தள்ளிவிட்டான். மதிய உணவுத் திட்டத்தில் அரிசி வாங்கலாம், மரம் நடுவதில் கன்று வாங்கலாம். இங்கே வாங்குவதற்கு என்ன இருக்கிறது? ஒருத்தர் வந்து உட்கார வேண்டும். போனை எடுத்து நாற்பது நிமிஷம் பேச வேண்டும். இந்த நோயில் சம்பளம்தான் அரிசி. நாங்கள் வேலை பார்க்கிற கம்பெனியிலும் பெரிய செலவு சம்பளம்தான், அதை எந்த முதலீட்டாளரும் வீண் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

1992இல் கேரளத்தில் தொடங்கி இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகளோடு இயங்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. போன்ற பெரிய சங்கம் இருக்கிறது. பெயர் தெரியாத சின்ன அமைப்புகளும் இருக்கின்றன. கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் முதியோர் இல்லமும் பகல்நேரப் பராமரிப்பு மையமும் இருக்கின்றன. ஆனால் திறப்பு விழா நடத்தக்கூடிய விஷயங்களுக்கே பணம் ஓடுகிறது. ஒரு சின்ன அமைப்பை நடத்துபவரிடம் 'உங்களுக்கு என்ன தேவை' என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வீல்சேர் தர்றோம்ங்கிறாங்க சார். பேர் எழுதி வைக்கிற மாதிரி ஏதாவது கேக்குறாங்க. எங்களுக்குக் கவுன்சிலர் சம்பளம்தான் சார் பிரச்சினை. பழகி முடிச்சதும் வேற வேலைக்குப் போயிடுறாங்க."

எங்கள் டீமில் ஆறு பேர் சேர்ந்தோம், வேஸ்ட் என்று சொன்ன நண்பனும் உட்பட. கம்பெனியின் பங்கோடு ஒரு ஆலோசகரின் ஏழு மாசச் சம்பளம் தேறியது.

போன மாசம் அந்த ஆலோசகரே கூப்பிட்டார். மதுரையில் ஒரு வீட்டில் மாமனாரைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மா இருக்கிறார், உங்கள் அம்மா அவரோடு பேசுவாரா என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"பேசுறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லாத, அப்பத்தேன் அந்த வீட்ல ஆரம்பிக்கும். காலைல பதினோரு மணிக்குப் பேசச் சொல்லு" என்றாள்.