எலும்பைக் காணோம் என்று பார்னபியிடம் யாரும் சொல்வதில்லை

பிரிட்டிஷ் துப்பறியும் நாடகம் என்றால் எங்களுக்கு ஒரு கிறுக்கு. லெக்சர் இல்லாத கிழமைகளில் தெல்தெனியவில் ஒரு கூட்டாளியின் வீட்டில் சேர்ந்து ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ பார்ப்போம். போன தடவை பார்த்தது 2017இல் வந்த ‘லாஸ்ட் மேன் அவுட்’. நட்சத்திரத் துடுப்பாட்ட வீரர் ஒருவர் கொல்லப்படுகிறார். பார்னபியின் பழைய சகா ஜோன்ஸ் வேறு பெயரில் அணிக்குள் புகுந்து, விளையாடிக்கொண்டே உளவு பார்க்கிறார். (கிரிக்கெட் காட்சிகள் கொஞ்சம் கொடுமைதான். பெட் பிடிக்கிற ஸ்டைலே சரியில்ல.) ஒன்றரை மணித்தியாலத்தில் ஆள் பிடிபட்டாச்சு.

பார்த்து முடிந்ததும் பேச்சு வசீம் தாஜுதீன் பக்கம் போனது. போகாமல் இருக்காது. கண்டிப் பக்கத்தில வளர்ந்தவங்களுக்கு ரகர் என்றா உசிரு. அவர் ஹெவ்லொக்ஸ் அணிக்குத் தலைமை தாங்கியவர், இலங்கை அணிக்கும் ஆடியவர்.

2012 மே 17 அதிகாலை, நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் அவருடைய உடல் கிடந்தது. மதிலில் மோதிய விபத்து என்றது பொலிஸ். நாங்க அப்ப சின்னப் பிள்ளைகள், விபத்து என்றே கேட்டு வளர்ந்தோம். 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கிளறத் தொடங்கியது. அந்த ஓகஸ்ட்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து உடலைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனையில், விபத்தோடு பொருந்தாத காயங்கள் தெரியவந்தன. முதல் பரிசோதனையில் எடுத்த எலும்புகள் சிலதைக் காணோம் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

எங்களுக்கு அங்கதான் உறைத்தது. மிட்சோமரில் நாங்கள் எல்லாரையும் சந்தேகப்படுவோம்: பாதிரியார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அணித் தலைவர். கம் கரிமோரை மட்டும் ஒருதரம்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அவர் சட்ட வைத்தியர். உடலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, இத்தனை மணிக்கு இப்படிச் செத்தார் என்பார். பார்னபியின் மூளையெல்லாம் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்த அறிக்கையே கோணலாக இருந்தால்? பார்னபி வீட்டுக்குப் போய் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். நாடகமே இல்ல.

‘எங்கட ஆக்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது மச்சான்’ என்றான் ஒருத்தன். நாங்க ஒத்துக்கொள்ளவில்லை. 2015இல் கண்டுபிடித்ததும் எங்கட ஆக்கள்தானே? தெரியாமல் இல்லை. இது கொலை என்று 2016 பெப்ரவரியில் கொழும்பு நீதவான் நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய நாலு வருசம். பிறகு ஆதாரங்களை மறைத்த சந்தேகத்தில் முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரையே கைதுசெய்தார்கள். தீர்ப்பு என்று ஒன்று இன்னும் வரவில்லை.

நித்தவலைக்கு ஹெவ்லொக்ஸ் வந்தால் கூ அடிக்கிறவங்கதான் நாங்க. தாஜுதீன் பேரை யாராவது எடுத்தா மட்டும், எங்கட பக்கத்திலயும் சத்தம் அடங்கிரும்.