பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

சர்வர் என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஓட்டல்தான். ஒரு கையில் நாலு தோசை, மறு கையில் சாம்பார் வாளி. கம்ப்யூட்டர் சர்வரும் கிட்டத்தட்ட அதே உத்தியோகம்தான் பார்க்கிறது. கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறது. டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

உள்ளே சமையல் எத்தனை பிரமாதமாக இருந்தாலும், சமையலறைக் கதவு மாட்டிக்கொண்டால் இலைக்கு எதுவும் வராது. சர்வரில் அந்தக் கதவுதான் நெட்வொர்க் கார்டு. உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகை, ஓரத்தில் தகரப் பட்டை, அதில் டெலிபோன் சாக்கெட்டின் அண்ணன் மாதிரி ஒரு ஓட்டை, பக்கத்தில் இரண்டு குட்டி விளக்குகள். சர்வரின் விலையோடு பார்த்தால் சாதாரணக் கார்டின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அது படுத்தால் சர்வரும் படுத்தமாதிரிதான்.

இந்தக் கதையின் ஆரம்பம் 1973. அந்த வருஷம் மே 22-ம் தேதி கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில், பாப் மெட்காஃப் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் கோத்துவிடும் யோசனை. அதற்கு அவர் வைத்த பெயர் ஈதர்நெட். ஒளி பயணம் செய்வதற்காக வெளியெங்கும் ‘ஈதர்’ என்று ஒரு வஸ்து நிரம்பியிருக்கிறது என்று 19-ம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் அதைத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பௌதிகம் கைவிட்ட பெயரை மெட்காஃப் கேபிளுக்குச் சூட்டிவிட்டார்.

முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே கேபிளில் எல்லாரும் தொங்கியதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாய் திறந்தால் மோதல். உடனே இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குத்துமதிப்பான நேரம் காத்திருந்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சட்டசபைக்குக்கூட சிபாரிசு செய்யலாம். இதற்கு ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று பெயர். போலீஸ்காரர் வாக்கிடாக்கி மாதிரி: ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசலாம்.

பிற்பாடு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித் தனிக் கேபிள் வந்தது. எல்லாம் ஸ்விட்ச் என்ற பெட்டியில் போய்ச் சேர்ந்தன. கேபிளுக்குள் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி. இனி இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம், டெலிபோன் மாதிரி. இது ஃபுல் டூப்ளெக்ஸ். கார்டுகளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். எதில் பேசுவது என்பதை கார்டும் ஸ்விட்ச்சும் மின்சாரத் துடிப்புகளால் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் ஏற்பாடு 1995-ல் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தது. ஒரு மாதிரி நிச்சயதார்த்தம்.

இந்த இரண்டு பாஷையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்துத் தேவைப்படும்.

*

கார்டு பொருத்துவது பெரிய வித்தை இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். சர்வருக்குப் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை, இரண்டு ஒயர். ஒன்றைப் பிடுங்கிவிட்டு ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்று கை விடக் கூடாது. இரண்டையும் பிடுங்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டில் எர்த் பட்டை. நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுரீர் என்று நமக்கு உறைக்கச் சுமார் 3000 வோல்ட் ஆக வேண்டும். சில சிப்கள் சாக நூறு வோல்ட் போதும். அதாவது கொன்றதுகூடத் தெரியாமல் கொன்றிருப்போம்.

ஸ்லாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியே நீளமாக 16 பாதை ஸ்லாட் மாதிரி இருக்கும். உள்ளே 4 பாதைக்குத்தான் கம்பி போட்டிருப்பார்கள். விலையுயர்ந்த வேகக் கார்டை அதில் சொருகினால் எட்டு வழிச் சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பிய லாரி கதைதான். கார்டு வேலை செய்யும், முழு வேகம் வராது, காரணமும் லேசில் புரியாது.

கார்டு மாறினால் சர்வரின் விலாசமும் மாறுகிறது. ஒவ்வொரு கார்டிலும் தொழிற்சாலையிலேயே 48 பிட் எண் ஒன்று எழுதி வருகிறது. முதல் பாதி செய்தவரைச் சொல்லும், மறுபாதி அந்தக் கார்டைச் சொல்லும். பழைய எண்ணை நம்பி லைசென்ஸ் வாங்கிய சாஃப்ட்வேர், ‘நீ யார்?’ என்று கேட்டுவிட்டு நின்றுவிடும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. லினக்ஸில் முன்பெல்லாம் முதல் கார்டு ஈத்0, அடுத்தது ஈத்1. புதிதாக ஒன்று சொருகி சர்வரை எழுப்பினால் அண்ணன் தம்பி இடம் மாறி உட்கார்ந்துவிடும். 2013-க்குப் பிறகு எந்த ஸ்லாட் என்பதை வைத்துப் பெயரிடும் வழக்கம் வந்தது. பெயர் ஜாதகம் மாதிரி நீளமாகிவிட்டது, ஆனால் ஆள் மாறுவது குறைந்தது. எந்தப் பெயர் எந்த ஓட்டை என்று சந்தேகமா? ‘ஈத்டூல்’ கட்டளையில் ஒரு வசதி இருக்கிறது. கேட்டால் அந்தக் கார்டின் விளக்கைக் கண்சிமிட்ட வைக்கும். சர்வர்கள் நெருக்கி அடுக்கிய அறையில், ‘நான்தான்’ என்று ஒரு விளக்கு மட்டும் சிமிட்டுவது பார்க்க அழகாக இருக்கும்.

இத்தனையும் முடிந்து கேபிளைச் சொருகினால் பச்சை விளக்கு எரிகிறது. எல்லாரும் பெருமூச்சு விட்டு டீ குடிக்கப் போவது இந்த இடத்தில்தான்.

*

2006-ல் என் பெரியப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கொங்குநாட்டு ஊர் ஒன்றில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இடுப்பில் எக்ஸ்ரே. அந்த ஆஸ்பத்திரியில் அப்போதே ஃபிலிம் இல்லை. கீழே எடுத்தால் படம் சர்வருக்குப் போய், மாடியில் டாக்டரின் திரையில் வரும். வரவில்லை. அரை மணி, முக்கால் மணி. பெரியப்பா ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டிருந்தார். டாக்டர் மூன்று முறை வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

“கீழே எடுத்தாச்சு சார், மேலே வரமாட்டேங்குது. நேத்துல இருந்தே இப்படித்தான்” என்றார் சிஸ்டர்.

முந்தின நாள் சர்வரின் நெட்வொர்க் கார்டு போய்விட, புதிது போட்டிருக்கிறார்கள். போட்டது சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்த பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். மருந்து ஸ்டோருக்குப் பக்கத்தில், ஏ.ஸி. போட்ட ஒரு சின்ன அறையில், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களுடன் உட்கார்ந்திருந்தான். நான் அப்போது நெட்வொர்க் வேலையில் இருந்தவன். சும்மா இருக்க முடியாமல் எட்டிப் பார்த்தேன்.

“லைட் எரியுதுங்க சார். பிங் போகுதுங்க. டிரைவர் புதுசுங்க. கேபிள் மாத்திட்டேன். ரெண்டாவது கார்டும் போட்டுப் பார்த்துட்டேனுங்க. அதுவும் இப்படியேதானுங்க.”

மேனேஜர் வாசலில் நின்று, “நல்லா ஓடிட்டிருந்த சர்வருங்க. இவன் கை வெச்சான், போச்சு” என்றார். ஸ்விட்ச்சைப் பராமரிப்பவர்கள் போனில், “எங்க சைடு எல்லாம் கிரீன்” என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். பையனின் கம்பெனியில், ரெண்டு கார்டு விலையைச் சம்பளத்தில் பிடிப்போம், நாளைக்கு ஆபீஸ் வந்து பேசு என்றிருக்கிறார்கள். ‘வந்து பேசு’ என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் செய்த எதிலும் தப்பு இல்லை. அதுதான் விசேஷம். “தம்பி, மோதல் கணக்கு எத்தனை காட்டுது, பாரு” என்றேன்.

பார்த்தான். ஆயிரக்கணக்கில் இருந்தது. திரும்பக் கேட்டால் இன்னும் கூடியிருந்தது. ஒரு கார்டுக்கும் ஒரு ஸ்விட்ச்சுக்கும் நடுவே ஒரே கேபிள். இருவரும் டெலிபோன் பாஷை பேசினால் மோதல் பூஜ்யமாக இருக்க வேண்டும். பையன் ஒரு நிமிஷம் திரையையே பார்த்தான். பிறகு அவனே டைப் செய்தான். வேகம் 100. டூப்ளெக்ஸ், ஹாஃப். “சார், ஸ்விட்ச்ல என்ன வெச்சிருக்காங்கன்னு கேக்கட்டுங்களா?” என்றான். அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலை இல்லை.

நடந்தது இதுதான். பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவர், ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டை ‘100, ஃபுல்’ என்று கையால் நிர்ணயித்து வைத்திருக்கிறார். பழைய கார்டிலும் அதையே வைத்திருக்கிறார். இரண்டும் ஒத்துப்போனதால் பிரச்னை இல்லை. அவர் வேலையை விட்டுப் போனார். எங்கும் எழுதி வைக்கவில்லை. புதுக் கார்டு வழக்கப்படி, ‘எந்த பாஷையில் பேசலாம்?’ என்று ஸ்விட்ச்சைக் கேட்டது. கையால் நிர்ணயித்த போர்ட் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. சிக்னலை வைத்து வேகம் 100 என்று கார்டால் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. பதில் வராவிட்டால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது விதி. கார்டு விதிப்படி நடந்தது. ஸ்விட்ச் தனக்கு இட்ட கட்டளைப்படி நடந்தது. ஒருவர் கையில் வாக்கிடாக்கி, மற்றவர் கையில் டெலிபோன்.

பிங் ஏன் போயிற்று? அது குட்டித் தகவல். ‘இருக்கியா?’, ‘இருக்கேன்’. ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேசுகிறார். எக்ஸ்ரே படம் பெரிது. சர்வர் கொட்டிக்கொண்டே இருக்கும்போது எதிர்ப்பக்கம் ‘வந்தது, வந்தது’ என்று ரசீது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரசீதையும் கார்டு மோதல் என்று நினைத்துப் பேச்சைப் பாதியில் நிறுத்தும். மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி ரசீது. இப்படியே முக்கால் மணி நேரம்.

போனில் அனுமதி வாங்கி, ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டையும் ‘பேசி முடிவுசெய்’ என்று பையன் மாற்றினான். பச்சை விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. முன்பு எரிந்த அதே பச்சைதான். மாடியிலிருந்து சிஸ்டர், “வந்துடுச்சு, வந்துடுச்சு!” என்று இறங்கி வந்தார். 10 மெகாபைட் படம் அந்த வேகத்தில் ஒரு விநாடி சமாசாரம்.

மேனேஜர், “அப்ப அந்த ரெண்டு கார்டு?” என்றார். இரண்டும் நல்ல கார்டு. ‘கார்டிலும் கோளாறு இல்லை, பொருத்தியதிலும் கோளாறு இல்லை’ என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டார். பையன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பெரியப்பாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது.

*

இந்த வியாதி இன்று அபூர்வம். 1999-ல் வந்த செம்புக் கம்பி கிகாபிட் தரத்தில், முதலில் பேசி முடிவுசெய்வது கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய மெஷின்கள் ஓடும் இடங்களில் மட்டும் எப்போதாவது தலைகாட்டுகிறது.

ஆனால் அதன் தாயாதிகள் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். வேகத்துக்காகச் சிலர் சர்வரில் 9000 என்று மாற்றிவிடுவார்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச்சில் மாற்ற மறந்தால், அது பெரிய பொட்டலங்களைச் சத்தமில்லாமல் குப்பையில் போடும். பிங் சாதாரணமாக அனுப்புவது லினக்ஸில் 56 பைட், விண்டோஸில் 32. ஜம்மென்று போய்வரும். விளக்கும் பச்சை. பெரிய ஃபைல் மட்டும் தொங்கும். உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 9000-ல் விலாசச் செலவு 28 போக மீதி அது. போகவில்லை என்றால் ஆள் அகப்பட்டார்.

கிகாபிட் கார்டு நூறிலேயே நிற்கிறதா? கேபிளைச் சந்தேகியுங்கள். நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போயிருந்தால் பல சமயம் பழைய வேகத்தில் சமாளித்துக்கொண்டிருக்கும். விளக்கு? அதுவும் எரியும். ஆனால் பல கார்டுகளில் வேகத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறும். நிறத்தையும் பாருங்கள்.

பச்சை விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எதிர்ப்பக்கம் யாரோ இருக்கிறார்கள். இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு இரண்டு பக்கமும் போய்க் கேட்க வேண்டும். ‘என் சைடு சரி’ என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்யும்போது, பெரும்பாலும் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ‘யார் தப்பு?’ இல்லை. ‘நீ என்ன வைத்திருக்கிறாய், அவர் என்ன வைத்திருக்கிறார்?’ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில், எந்தப் போர்ட், என்ன வேகம், எதைக் கையால் மாற்றியது, என்றைக்கு என்று எழுதி சர்வரின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஐந்து ரூபாய் செலவு. நீங்கள் வேலை மாறிப் போன பிறகு, நடு ராத்திரியில் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் ஏதோ ஒரு பையனுக்கு அது தேவைப்படும்.