ஒரு அங்குல டீசல்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன வாரம் ஊருக்குப் போனப்போ பரண்ல காலேஜ் நோட்டு ஒண்ணு சிக்குச்சு. டீசல் எஞ்சினுக்குள்ள எரிபொருள் எப்படி எரியுதுன்னு நான் வரைஞ்ச படம் அதுல இருந்துச்சு. நாசில்ல இருந்து துளித்துளியா கிளம்புது, ஒவ்வொரு துளியச் சுத்தியும் குட்டியா ஒரு தீ வளையம். பரீட்சைலயும் அதையேதான் வரைஞ்சேன். நல்ல மார்க்கு!

ஆனா அந்தப் படம் தப்பு மக்களே. 1997லயே அது அடிபட்டுப் போச்சு.

அமெரிக்காவுல லிவர்மோர்ல இருக்குற சாண்டியா ஆய்வகத்துல ஜான் டெக்னு ஒருத்தர், டீசல் எஞ்சின்லயே குவார்ட்ஸ் ஜன்னல் வெச்சு உள்ள நடக்குறதைப் படம் பிடிச்சார். லேசர் ஒளிய காகிதம் மாதிரி தட்டையாக்கி உள்ள விட்டா, அது டீசல் பீய்ச்சலைக் கத்தி மாதிரி வெட்டும். அந்த வெட்டு மட்டும் ஒளிரும். கேமரா அதைப் பிடிச்சுக்கும்.

பார்த்தா, டீசல் திரவமா போறது சுமார் 25 மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு அங்குலம்! அதுக்குள்ள சுத்தி இருக்குற சூடான, அழுத்தமான காத்தை இழுத்துக்கிட்டு மொத்தமும் ஆவியாயிடுது. தீ எரியுற இடத்துல துளியே கிடையாது. நடுவுல காத்து பத்தாம அரைகுறையா வெந்து கரி உண்டாகுது. வெளி ஓரத்துல தோல் மாதிரி மெல்லிசா தீ.

அடுத்த வருஷம் அதே ஆய்வகத்துல டென்னிஸ் சீபர்ஸ் இன்னொண்ணு காட்டினார். பீய்ச்சுற அழுத்தத்தை எவ்ளோ ஏத்தினாலும் அந்த நீளம் பெருசா மாறல. டீசல் வேகமா வந்தா சூடான காத்தும் அதே அளவுக்கு வேகமா உள்ள இழுபடுது, கணக்கு சரியாப் போயிடுது. ஓட்டையச் சின்னதாக்கினா நீளம் குறையும். (சர்வர் மெதுவா இருக்குன்னு மெமரிய மட்டும் ஏத்திட்டே போற எங்க டீம் லீடுக்கு யாராச்சும் இதைச் சொல்லுங்கப்பா :-))

அப்பா 30 வருஷமா டீசல் பம்ப் பட்டறை வெச்சிருக்கார். நாசிலை டெஸ்டர்ல மாட்டி, கையால லிவரை அழுத்தி, அது போடுற சத்தத்துலயே நல்லதா கெட்டதான்னு சொல்லிடுவார். சாதாரண காத்துல அது புகை மாதிரி தூரமா பீய்ச்சும்.

நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப நான் இத்தனை வருஷமா பாத்தது உள்ள நடக்குறது இல்லையா?"

"நாசில் ஒழுங்கா இருக்கான்னு பாக்க அது போதும்ப்பா. எஞ்சினுக்குள்ள கதையே வேற."

நோட்டை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். "நீயும் இதைத்தானடா படிச்ச? அந்த மாதிரி வேலை எதுவும் இங்க கிடைக்கலையா?"

நான் தேடவே இல்லைன்னு சொல்ல வாய் வரல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்.